நகத்தளவு பென் டிரைவும் நாலடி அறையும்

எனக்கென்று ஓர் அறை வேண்டும் என்று முடிவு செய்தேன். உயிரே போனாலும் மாறாத முடிவு. அப்போது நான் குளியலறையில் இருந்தேன். எங்கள் வீட்டில் நான் சுதந்திரமாக முடிவெடுக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அதற்குள் கதவு தட்டப்பட்டது.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கு இவ்ளோ நேரமா? சீக்கிரம் வெளிய வாங்க. ஒரு அம்மா அளவு குடுக்க வந்திருக்காங்க."

வெளியே வந்தேன். வெளியே என்றால் குளியலறைக்கு வெளியே இல்லை. வீட்டுக்கு வெளியே.

விஷயம் இதுதான். என் மனைவி தையல் வேலை செய்கிறவள். ஒரு தடவை அவளிடம் கவுன் தைத்துக்கொண்டவர்கள் பிறகு வேறு கடை வாசலை மிதிக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட கை. எங்கள் முன் அறைதான் கடை. படுக்கையறைதான் துணிக் கிடங்கு. அளவு கொடுக்க, போட்டுப் பார்க்க என்று எந்தப் பெண் வந்தாலும் நான் தெருவில் போய் நிற்க வேண்டும். மழையில் நின்றிருக்கிறேன். காய்ச்சலோடு நின்றிருக்கிறேன். ஆரம்பத்தில் தெருவில் போகிறவர்கள், "என்ன சார், வெளிய நிக்கறீங்க?" என்று விசாரித்தார்கள். இப்போது விசாரிப்பதில்லை. தபால்காரர்கூட என் கையில் கடிதத்தைத் திணித்துவிட்டு முகத்தைப் பார்க்காமல் போகிறார். என்னைத் தபால் பெட்டியாகவே நினைத்துவிட்டார்.

இந்தச் சமயத்தில்தான் வீட்டின் பின்பக்கத்துக் காலி இடத்தில் புதிதாக ஒரு சமையலறை கட்ட வேண்டும் என்று அவள் உத்தரவிட்டாள். நான் ஒரு இன்ஜினியர் ஆபீஸில் பிளான் வரைகிறவன். ஊரார் வீட்டுக்கெல்லாம் அறை அறையாக வரைந்து தள்ளுகிறேன். எனக்கு ஒன்று வரைந்துகொள்ளக் கூடாதா?

இரண்டு பிளான் வரைந்தேன்.

ஒன்று அவளுக்குக் காட்ட. அதில் சமையலறை மைதானம் மாதிரி இருந்தது. அவள் பார்த்து, "பரவாயில்ல, உங்களுக்கும் வேலை தெரியுது" என்று சொல்லி அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

இன்னொன்று மேஸ்திரிக்கு. அதில் சமையலறையிலிருந்து நாலடியை வெட்டி நடுவில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் என் அறை. ஒரு நாற்காலி, ஒரு குட்டி மேசை, ஒரு கதவு. கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாளை மட்டும் ஓரத்தில் தனியாகப் பெரிதாக வரைந்து, 'கனமானதாக இருக்கட்டும்' என்று எழுதினேன். அகலம் நாலடிதான். கையை விரித்தால் இரண்டு பக்கச் சுவரும் இடிக்கும். இடிக்கட்டுமே, இரண்டும் என் சுவர்.

கட்டி முடித்த பிறகு அவள் கேட்டால் பதிலும் தயார். "அது பாரம் தாங்கற சுவர்மா. எடுத்தா கூரையே தலையில விழுந்துடும்." இதைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் 'பாரம்' என்ற இடத்தில் குரல் நடுங்கியது.

இப்போது பிரச்சினை, அந்த இரண்டாவது பிளானை எங்கே வைப்பது? வீட்டுக் கம்ப்யூட்டரில் அவள்தான் கவுன் டிசைன் பார்ப்பாள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த வேலை பார்த்தால் இன்ஜினியர் தோலை உரித்துவிடுவார். மூளையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் மேஸ்திரியால் என் மூளையைப் பிரிண்ட் எடுக்க முடியாது. ஆகவே பென் டிரைவ்.

பென் டிரைவ் விஷயத்தில் என் ஜாதகம் சரியில்லை. முதலில் ஒன்று வைத்திருந்தேன், பிளாஸ்டிக். சட்டைப் பையோடு வாஷிங் மிஷினுக்குள் போய்ச் செத்தது. அடுத்தது நீளமானது. பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். இறங்கும்போது அது கூன் விழுந்திருந்தது. அதற்கடுத்தது மூடி போட்டது. மூடி தொலைந்து, வாய்க்குள் நூல் தூசி அடைத்து, ஊமையாகிவிட்டது. அதனால் இந்தத் தடவை யோசித்து வாங்க வேண்டும். கண்ணில் படாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். என் மனைவி கையில் சிக்கினாலும் உயிர் பிழைக்கிற அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டாவது தகுதி எனக்கே கிடையாது.

கடைக்குப் போனேன்.

"பென் டிரைவ் ஒண்ணு வேணும்."

"எவ்ளோ பிடிக்கணும் சார்?" என்றார் கடைக்காரர்.

"ஒரு அறை பிடிக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு தட்டை எடுத்து வைத்தார்.

"இது மூடி போட்டது..."

"மூடி வேண்டாம். தொலையும்."

"இது தள்ளினா வெளிய வரும், இழுத்தா உள்ள போகும்."

"சத்தம் வருமா?"

"கிளிக்குனு லேசா வரும்."

"ஐயையோ, வேண்டாம்! பக்கத்துல அவ இருப்பா."

கடைக்காரர் கை அப்படியே நின்றது. குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டம்மாவுக்குத் தெரியாம வெச்சுக்கவா?"

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அது போதுமாயிருந்தது.

"எனக்கும் கல்யாணம் ஆயிடுச்சு சார். இருங்க" என்று உள்ளே போனார். திரும்பி வந்து உள்ளங்கையை விரித்தார். நகத்தளவு இருந்தது. ஒரே வார்ப்பில் செய்த இரும்பு மாதிரி உடம்பு. மூடி இல்லை, மடக்கு இல்லை, சத்தம் இல்லை. ஓரத்தில் சாவி வளையம் கோக்க ஒரு துளை.

"சாவியோட கிடந்தாலும் கீறாது. மேல உக்காந்தாலும் வளையாது."

"தண்ணி?"

தான் குடித்துக்கொண்டிருந்த டீயில் அதைப் போட்டார். கரண்டியால் ஒரு கலக்குக் கலக்கினார். வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்து, நன்றாக ஊதிக் காயவைத்து, கம்ப்யூட்டரில் சொருகினார். வேலை செய்தது. மிச்ச டீயைக் குடித்தார்.

"வண்டி ஏறினா?"

"சார், நானும் போயிடுவேன், நீங்களும் போயிடுவீங்க. இது இருக்கும்."

அந்த வார்த்தையைக் கேட்டு நான் பூரித்துப்போனேன். பயந்திருக்க வேண்டும்.

வாங்கியாயிற்று. எங்கே ஒளிப்பது? சாவிக்கொத்தில் மாட்டலாம் என்றால் சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருக்கிறது. பாக்கெட்டில் வைக்கலாம் என்றால், நான் போடுகிற சட்டையும் பேன்ட்டும் அவள் தைத்தவை. என் உடம்பில் அவளுக்குத் தெரியாத பை ஒன்றுகூடக் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டு என் பர்ஸை எடுப்பாள். எனக்கு இரண்டு தடவை தடவினால்தான் கிடைக்கும்.

எனவே ஒரு புதிய பை வேண்டும். அவள் தைக்காத பை.

இதை எழுதும்போதே எனக்கு வியர்க்கிறது. பக்கத்துத் தெருவில் இன்னொரு டெய்லர் இருக்கிறார். அவர் பேச்சையே எங்கள் வீட்டில் எடுக்கக் கூடாது. "அவர் தைக்கறது தையல் இல்ல, காயத்துக்குப் போடற கட்டு" என்பாள் என் மனைவி. ஒரு பேன்ட்டைச் சாப்பாட்டுப் பையில் சுருட்டிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அவர் கடைக்குள் நுழைந்தேன்.

அவர் என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார்.

"நீங்க அந்தம்மா வீட்டுக்காரர்தானே?"

"மெதுவா பேசுங்க."

"எங்கிட்டயா வந்தீங்க?" எழுந்துபோய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"இடுப்புப் பட்டைக்கு உள்பக்கம் ஒரு சின்னப் பாக்கெட். நகத்தளவு போதும்."

"அவங்களுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது."

"சார், நான் பிள்ளைகுட்டிக்காரன்."

"நான் மட்டும் என்ன, உயிர் மேல ஆசை இல்லாதவனா?"

கடைசியில் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத் தைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். வாங்கினால் சாட்சியாகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. கை நடுங்கியதில் தையல் கொஞ்சம் கோணலாகத்தான் விழுந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. பாக்கெட்டில் பென் டிரைவ் கச்சிதமாக உட்கார்ந்ததைத்தான் கவனித்தேன்.

பிளானைப் பிரிண்ட் எடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தேன். "சார், அம்மா பாத்தாச்சா?" என்று கேட்டார். "எல்லாம் பாத்தாச்சு" என்றேன். அதோடு பென் டிரைவைக் காலி செய்திருக்கலாம். மனசு வரவில்லை. தினமும் மதியம் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அதைச் சொருகி, என் அறையை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவேன். நாற்காலியை மேசைப் பக்கம் நகர்த்தி வைப்பேன். மறுநாள் கதவுப் பக்கம் திருப்புவேன். தாழ்ப்பாளைப் பார்க்கும்போது மட்டும் கண் கலங்கும்.

மற்ற நேரமெல்லாம் பயம்தான். அவள் இருமினால் பயம். இருமாவிட்டால் இன்னும் பயம். ஒருநாள் சாப்பிடும்போது திடீரென்று சொன்னாள்:

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

கையிலிருந்த உருண்டை வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"கே... கேளேன்."

"கொஞ்ச நாளா இடுப்பைப் பிடிச்சிட்டே நடக்கறீங்களே, ஏன்?"

"வலி."

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன? படுங்க."

வலிக்காத இடுப்பில் தைலம் தேய்த்தாள். தீயாய் எரிந்தது. "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "இப்பதான் வலிக்குது" என்றேன். அந்த ஒன்று மட்டும் உண்மை.

கண்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது.

குளித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். டக்... டக்... டக். மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை வர மாட்டாரே என்று நினைத்தேன். வாஷிங் மிஷின் சுற்றுகிற தாளத்தில் அந்தச் சத்தம் சேர்ந்து வந்தபோதுதான் புரிந்தது. துண்டோடு ஓடினேன்.

மிஷின் கண்ணாடிக்குள் என் பேன்ட் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் என் அறை சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலி, மேசை, தாழ்ப்பாள் எல்லாம் சோப்பு நுரையில்.

"மிஷினை ஏன் அப்படி வெறிச்சுப் பாக்கறீங்க?" என்று பின்னாலிருந்து குரல்.

"நல்லா துவைக்குதே!"

"இத்தனை வருஷமா அதைத்தானே பண்ணுது?"

மிஷின் நின்றது. அவள் பேன்ட்டை எடுத்து உதறினாள். உள்பக்கத்தைத் திருப்பினாள். கை நின்றது. பட்டையை விரலால் தடவினாள். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

"இது யார் தையல்?"

"எது?"

"நான் தெச்சதில்ல இது. நூல் வேற. இழுப்பு வேற. கோணல்." அவள் குரல் உடைந்தது. "அவர்கிட்ட போனீங்களா?"

"வந்து..."

"என் புருஷன்! அவர்கிட்ட! ஒரு பாக்கெட்டுக்கு! நான் செத்தா போயிட்டேன்?"

கண்ணில் நீர் நின்றது. நான் வேறொரு பெண்ணைப் பார்த்திருந்தால்கூட இவ்வளவு அழுதிருக்க மாட்டாள். எனக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போய்விட்டது. காலில் விழுந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அவள் விரல் அந்தப் பாக்கெட்டுக்குள் போனது. வெளியே வந்தபோது நுனியில் அது மின்னியது.

"இது என்ன?"

"பென் டிரைவ்."

"இதுக்கு எதுக்கு ரகசியப் பாக்கெட்டு?"

"முன்னாடி வாங்கினதையெல்லாம் தொலைச்சேனே, இதையும் தொலைச்சா நீ திட்டுவியோன்னு பயந்து..."

பயந்து என்ற வார்த்தையில் மட்டும் என் குரலில் சத்தியம் ஒலித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சு. டிசைனெல்லாம் ஏத்தி வெக்க எனக்கும் ஒண்ணு வேணும். வேலை செய்யுதான்னு பாப்போம்."

கம்ப்யூட்டரை நோக்கி நடந்தாள். எனக்குள் எந்த வீரன் புகுந்தானோ, அவள் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன்.

"ஈரத்தோட சொருகினா கம்ப்யூட்டரே போயிடும்! முதல்ல காய வெக்கணும்!"

பின்பக்கம் ஓடினேன். கட்டட வேலைக்கு அடுக்கிய செங்கல் இருந்தது. பென் டிரைவைக் கல்லின் மேல் வைத்து, ஒரு செங்கல்லால் ஓங்கி அடித்தேன். செங்கல் உடைந்தது. இன்னொன்று எடுத்தேன். அதுவும் உடைந்தது. குதிகாலால் மிதித்தேன். குதிகால் வீங்கியது. பென் டிரைவ் இன்னும் பளபளப்பானது. உயிர் போகாத சாமானாகத் தேடித் தேடி வாங்கிய என்னை நானே சபித்துக்கொண்டு மூன்றாவது செங்கல்லை ஓங்கியபோது பின்னால் நிழல் விழுந்தது.

"என்ன பண்றீங்க?"

"காய வெக்கறேன்."

"செங்கல்லாலயா?"

"உதறினாத்தான் தண்ணி வெளிய வரும்."

கையை நீட்டினாள். கொடுத்தேன். ஒரு கீறல் இல்லை. உலர்ந்த துணியால் துடைத்து, வெயிலில் வைத்து, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து காய்கறி நறுக்கினாள். அவள் எழுந்துபோவாள் என்று காத்திருந்தேன். எழவில்லை. காய்ந்ததும் எடுத்துக்கொண்டுபோய்ச் சொருகினாள். கம்ப்யூட்டர் திரை அவள் பக்கம் இருந்தது. நான் எதிரே நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். உடம்பில் ஓடுகிற ரத்தமெல்லாம் காதுக்கு வந்துவிட்டது.

பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே இல்லையே. காலியா இருக்கு."

எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. சோப்புத் தண்ணீரோ செங்கல்லோ, ஏதோ ஒரு புண்ணியவான் என்னைக் காப்பாற்றிவிட்டான். "காலிதான், காலிதான்" என்று நானும் சேர்ந்து சொன்னேன். பென் டிரைவை அவள் எடுத்துக்கொண்டாள். கோணல் பாக்கெட்டைப் பிரித்துவிட்டு, அதே இடத்தில் தானே இரட்டைத் தையல் போட்டு ஒன்று தைத்துத் தந்தாள். வைப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

சுவர் எழும்பியது. சரியாக நான் வரைந்த இடத்தில். தினமும் அவள் வேலையாட்களுக்கு டீ கொண்டுவந்து கொடுப்பாள், சுவரைப் பார்ப்பாள், போவாள். ஒரு வார்த்தை பேசவில்லை. 'பாரம் தாங்கற சுவர்' தொண்டையிலேயே காத்திருந்தது. காலர் ஒரு நூல் ஏறி இறங்கினாலும் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள், நாலடியைக் கண்டுபிடிக்கவில்லையே என்று எனக்கு ராத்திரியில் புரண்டு புரண்டு பயம் வரும். பிறகு, செங்கல்லும் துணியும் ஒன்றா என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

வேலை முடிந்தது. "வாங்க, பாக்கலாம்" என்று அவளே கூப்பிட்டாள். மேஸ்திரியும் நின்றிருந்தார். என் அறைக் கதவு இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள். கனமானது. திறந்தேன்.

உள்ளே மேசை போட இடமே இல்லை. எதிர்ச் சுவர் முழுக்க ஆளுயரக் கண்ணாடி. பக்கச் சுவரில் வரிசையாகத் துணி மாட்டும் கொக்கி. தலைக்கு மேல் பிரகாசமான விளக்கு. கண்ணாடியில் வெளுத்துப்போன ஒருவன் என்னையே பார்த்தான்.

"மேஸ்திரி, என்ன இது?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார். "அம்மா சொன்னாங்க சார். சுவர் எழும்பறதுக்கு முன்னாடியே."

"டிரயல் ரூம்" என்றாள் என் மனைவி. முகமெல்லாம் சிரிப்பு. "ரொம்ப நாளா ஆசைங்க எனக்கு. தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு நிம்மதியா போட்டுப் பாக்கற மாதிரி ஒண்ணு. நீங்க எவ்ளோ அழகா வரைஞ்சிருந்தீங்க!"

அவள் இடுப்புச் சாவிக்கொத்தில் ஏதோ மின்னியது. ஒரு கீறல்கூட இல்லாமல்.

"அன்னைக்குக் காலியா இருக்குன்னு சொன்னியே?"

"வேற என்ன சொல்றது? அப்படி நடுங்கிட்டு நின்னீங்க. பாவமா இருந்துச்சு."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். அது பாரம் தாங்கியது. பிறகு மெல்ல ஒரு நல்ல எண்ணம் தலைதூக்கியது.

"அப்ப... இனிமே யாராவது அளவு குடுக்க வந்தா, நான் தெருவுல நிக்க வேண்டாமா?"

"எதுக்குங்க தெருவுல? எந்நேரமும் வீட்டுக்குள்ளயே இருக்கலாம். உங்களுக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருக்கேன்."

கண்ணில் நீர் முட்டியது. இவளைப் போய் ஏமாற்றப் பார்த்தோமே என்று நெஞ்சு உருகியது. கையைப் பிடித்து அழைத்துப்போனாள். பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

சமையலறை. நாலடி குறைந்த சமையலறை. அடுப்பு, தொட்டி, ஒரு ஆள் நிற்க இடம். கொக்கியில் புத்தம் புதிய சமையல் அங்கி ஒன்று தொங்கியது. இரட்டைத் தையல்.

"இவ்ளோ சின்னதுல என்னால நின்னு வேலை செய்ய முடியாதுங்க. ஆனா ஒரு ஆளுக்கு நாலடி போதும்னு அளவு எடுத்தது நீங்கதானே?" என்று அதை எடுத்து என் தோளில் வைத்துப் பார்த்தாள். "போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தேன்.

கச்சிதமாக இருந்தது.